என் அழைப்புக்குறியில் பேசிய கணினி

திருச்சுழியில் மோட்டாரும் பைப்பும் விற்கிற என் நண்பருக்கு நான் செய்ததை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன வருஷம் ஆடியில் தொடங்கிக் கார்த்திகை வரை நடந்தது. ஆறிப்போன பழங்கதை இல்லை. அவரும் இருக்கிறார், நானும் இருக்கிறேன். இரண்டு வீட்டு மொட்டை மாடியிலும் ஏரியல் கம்பி இருக்கிறது.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். எனக்கு ஹாம் ரேடியோ பழக்கம் உண்டு. அரசாங்கம் வைக்கும் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே ஒரு ரேடியோ வைத்துக்கொண்டு, அதே மாதிரி லைசென்ஸ் வைத்திருக்கும் மற்றவர்களோடு பேசுவது. நடுவில் டெலிபோன் கம்பெனி கிடையாது, இன்டர்நெட் கிடையாது. ஒவ்வொருவருக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஓர் அழைப்புக்குறி உண்டு. காற்றில் நமக்கு அதுதான் பெயர். அந்தக் குறியில் போவதெல்லாம் நாம் சொன்னதாகவே மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். என்னைவிட வயதில் சிறியவர் என்றாலும் நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். என் வீட்டு போர்வெல்லுக்கு மோட்டார் இறக்க வந்த அன்று மாடியில் கிடந்த கம்பியைப் பார்த்துவிட்டு, "துணி காயப்போட இம்புட்டு உசரத்துல எதுக்கு சார் கம்பி?" என்று கேட்டார். மோட்டாரை இறக்கி முடித்தபிறகும் அவர் போகவில்லை. இலங்கையில் ஒருவரோடு நான் பேசுவதை உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் போனார். அடுத்த பரீட்சைக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனார். இரண்டு பேருமே தேறினார்கள். மனைவிக்கு மார்க் கூடுதல். அதை அந்த அம்மா இன்றுவரை சொல்லிக்காட்டுவதுண்டு.

அண்ணாச்சிக்கு நல்ல குரல். கடையில் வாடிக்கையாளரிடம் பேசிப் பேசிப் பதம் வந்த குரல். காலையில் ஷட்டரைத் தூக்குவதற்குமுன் ரேடியோவில் வந்து உட்கார்ந்தார் என்றால், கேரளாக்காரர்கள்கூடப் பாதி புரியாமலேயே கேட்டுச் சிரிப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன் தொண்டையில் புற்று என்று தெரிந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடுகிறார். அதன்மேல் மெல்லிய துணி கட்டியிருப்பார். சத்தமாகச் சிரிக்கக்கூட முடியாது. தோள் குலுங்கினால் சிரிக்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் ரேடியோவை எனக்கே விற்றுவிடப் பார்த்தார். "ஊமைக்கு எதுக்கு சார் மைக்கு?" என்று போனில் தட்டச்சு செய்து காட்டினார். நான் வாங்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் சரியாக நடந்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில் நானே குரலில் பேசுவதைப் பெரும்பாலும் விட்டிருந்தேன். எங்கள் தெருவில் இருபுறமும் விசைத்தறிகள். காதில் விழும் சத்தம் ஒருபக்கம் என்றால், அந்த மோட்டார்களும் மலிவான எல்இடி விளக்குகளும் ரேடியோவில் கிளப்பும் இரைச்சல் இன்னொருபக்கம். திருச்சுழிப் பக்கம் கரிசல் காட்டில் ஏக்கர் கணக்கில் சோலார் தகடுகள் வந்தபிறகு அவற்றின் இன்வெர்ட்டர் இரைச்சலும் சேர்ந்துகொண்டது. குரல் அதற்குள் மூழ்கிப்போகும். எனக்குக் காதும் மந்தம். அதனால் டிஜிட்டல் முறைகளுக்கு மாறினேன். நாம் அடிக்கிற எழுத்தைக் கணினி சில மெல்லிய சுரங்களாக மாற்றி ரேடியோவுக்குக் கொடுக்கும். அந்தப் பக்கத்துக் கணினி இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் அந்தச் சுரங்களைப் பொறுக்கியெடுத்து மறுபடி எழுத்தாக்கும். மனிதக் காதுக்கு ஒன்றுமே கேட்காத இடத்தில் திரையில் வரி ஓடும்.

இன்றைக்கு உலகம் பூராவும் ஹாம்கள் அதிகம் உபயோகிப்பது எஃப்டி எட்டு என்ற முறை. அதில் உங்கள் குறி, என் குறி, சிக்னல் எவ்வளவு பலம், நன்றி, அவ்வளவுதான் போகும். ஒரு முறை சொடுக்கினால் மீதியைக் கணினியே முடித்துவிடும். பிரேசில்காரரோடு "பேசினேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். பிரேசிலில் மழையா வெயிலா என்று தெரியாது. நான் அதில் நிறைய நாடுகளைப் பிடித்திருக்கிறேன். அதே அடித்தளத்தில் எழுந்த இன்னொரு முறை ஜேஎஸ் எட்டு. அதில் நினைத்ததை எழுதலாம், ஆனால் மெதுவாகத்தான் போகும். கால் நிமிஷத்துக்கு ஒரு வார்த்தை, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. ஒரு வாக்கியம் போய்ச் சேருவதற்குள் ஒரு டம்ளர் காப்பி குடித்துவிடலாம்.

அண்ணாச்சி கடையின் பின்னறையில் இதை நான்தான் பொருத்திக் கொடுத்தேன். முதல் நாள் சாயங்காலம் அருப்புக்கோட்டையில் என் மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ் ஒவ்வொரு துண்டாக வந்தது.

"சார். இதுல. எல்லாரும். ஊமைதான்."

நான் பதில் அடிக்குமுன் அடுத்தது வந்தது.

"ஆனா. நான். சீனியர்."

அவருக்கு இதில் என்ன கிடைத்தது என்பதைச் சொல்லாவிட்டால் நான் செய்த தப்பு விளங்காது. அவரிடம் போன் இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது. ஆனால் ஆட்கள் நடுவில் அவர் போனில் ஒரு வரி அடித்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். அவர் நீட்டுகிற திரையை எதிரே நிற்பவர் மரியாதைக்குப் பார்ப்பார். கடையில் வாடிக்கையாளர்கள் அவர் மனைவியிடமே பேசிப் பழகிவிட்டார்கள். சிலர் அவருக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு கத்துவார்கள். இந்த ரேடியோ முறையில் மட்டும் எல்லாரும் அவர் வேகத்தில்தான் வர வேண்டும். யாரும் குறுக்கே பேச முடியாது. ஒருவர் அடிக்கும்போது மற்றவர் சும்மா இருந்து காத்திருக்கத்தான் வேண்டும். சாயங்காலம் வியாபாரம் ஓய்ந்ததும் அவர் வந்து உட்காருவார். நான் காத்திருப்பேன் என்ற நம்பிக்கையில் உட்காருவார்.

நானும் இரண்டு வருஷம் காத்திருந்தேன். பிறகு எனக்கு அலுத்துவிட்டது.

வேறு காரணம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் கடைக்கு வந்த ஆளைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார். "இன்னைக்கு" என்று வரும். நான் ஜன்னலைப் பார்ப்பேன். "ஒரு ஆளு" என்று வரும். நான் எழுந்துபோய் மாத்திரை போட்டுவிட்டு வருவேன். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். மகள் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் கூப்பிடும் நேரமும் அதுதான். முதலில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். அவர் குறியிலிருந்து எது வந்தாலும், "நன்றாக வருகிறது, சொல்லுங்கள் அண்ணாச்சி" என்று அதுவே அனுப்பும். நான் பாத்ரூமுக்குப் போயிருக்கும் நேரத்துக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த முறைகளில் கணினியே பதில் சொல்வது புதிதில்லை. சிக்னல் பலம் என்ன என்று கேட்டால் தானாகவே சொல்லும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. அது எல்லாருக்கும் தெரியும், அதில் ஏமாற்று இல்லை. ஆனால் எங்கள் பழக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு: பேச்சு என்று வந்துவிட்டால் ரேடியோவின் முன்னால் ஆள் இருக்க வேண்டும். வகுப்பு எடுத்த நாட்களில் பையன்களுக்கு நானே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஆடி மாதம் நிரலை ஒரு ஏஐயோடு இணைத்தேன். அண்ணாச்சியும் நானும் இரண்டு வருஷம் பேசியதெல்லாம் கணினியில் சேர்ந்திருந்தது. அதை அப்படியே அதற்குக் கொடுத்து, என்னைப் போலப் பதில் எழுதச் சொன்னேன். ஒரு வாரத்தில் நன்றாகவே எழுதியது. அவர் விவசாயி ஒருவரைப் பற்றிச் சொன்னால், போன மாதம் அவர் வாங்கிப்போன மோட்டார் எப்படி ஓடுகிறது என்று கேட்டது. எனக்கு அந்த விவசாயி நினைவிலேயே இல்லை. வார்த்தை மெதுவாகத்தான் போகும் என்பதால், கணினி நொடியில் யோசித்ததைக்கூட அந்தப் பக்கத்தில் கண்டுபிடிக்க வழியில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்ப்பேன். அறைக்குள் ரேடியோவின் ரிலே சுவிட்ச் டிக் டிக்கென்று விழுந்து எழும். அண்ணாச்சியோடு நான் பேசிக்கொண்டிருப்பதாக அதற்கு அர்த்தம்.

ஒருநாள் நானே உட்கார்ந்திருந்தபோது அவர் அடித்தார்: "கொஞ்ச நாளா நல்லா பேசுறீக சார். முன்ன எல்லாம் ம் ம்முன்னுதான் வரும்."

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. ஒரு சோதனை வெற்றி பெற்றால் வருகிற சந்தோஷம்.

ஆவணியில் மதுரையில் ஹாம்கள் கூடிய ஒரு கூட்டத்தில் டிஜிட்டல் முறைகளின் இன்றைய நிலையும் எதிர்காலமும் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். எஃப்டி எட்டில் ஆரம்பித்து, கடைசியில் என் நிரலைப் பற்றிச் சொன்னேன். இனிமேல் நாம் தூங்கும்போதும் நம் நிலையம் பேசும் என்றேன். கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டாள்.

"தெரியாம இருக்குறதுதானேம்மா சோதனையே?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

புரட்டாசியில் அண்ணாச்சி கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டது. அதை அவர் மனைவியிடம் சொல்வதற்குமுன் என்னிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில்தான் நான் திரையில் பார்த்தேன். "கையில தட்டுப்படுது சார். திரும்ப வந்திருச்சோன்னு பயமா இருக்கு." என் குறியிலிருந்து போன பதில்: "பயப்படாதீக அண்ணாச்சி. என்ன வந்தாலும் நான் கூட இருக்கேன். மதுரைக்கு நானும் வாரேன்." அதற்கு அவர், "வேணாம் சார். நீங்க சொன்னதே போதும். இன்னைக்குத் தூங்கிருவேன்" என்று அடித்திருந்தார்.

காலை காப்பியோடு நின்றபடி அதைப் படித்தேன். நானாக இருந்தால் இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமைகூட வந்தது. அவரே வேண்டாம் என்றுவிட்டார் என்பதால் நான் மதுரைக்குப் போகவில்லை. அங்கே ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்தார்கள். வெறும் கொழுப்புக் கட்டிதான் என்று சொல்லிவிட்டார்கள். முடிவு வந்ததும் "தப்பிச்சேன் சார்" என்று அவர் அடித்ததற்கும் கணினிதான் பதில் சொன்னது.

கார்த்திகையில் எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரு பருத்தி வியாபாரியின் மகளுக்குக் கல்யாணம். காரியாபட்டியில் மதுரை ரோட்டில் ஒரு மண்டபம். எனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்ததால் வரவில்லை என்று முந்தின நாள் அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தேன். காலையில் உடம்பு தேவலை என்று தோன்றியது. கிளம்பி பஸ் ஏறிவிட்டேன். அறையில் கணினி ஓடிக்கொண்டிருந்தது. அது எந்நேரமும் ஓடுவது பழகிப்போனதால் அணைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மண்டபத்தில் என்னைப் பார்த்ததும் அண்ணாச்சி தோள் குலுங்கச் சிரித்தார். கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்துப்போனார். கடையைப் பார்த்துக்கொள்ள மனைவி திருச்சுழியிலேயே இருந்துவிட்டார். பக்கத்து இலையில் வீரசோழனிலிருந்து வந்திருந்த ஒரு பாய், ஜவுளி வியாபாரி, எங்கள் இருவருக்கும் பழக்கமானவர். ஸ்பீக்கரில் பாட்டு அலறியது. அண்ணாச்சி மெதுவாகத்தான் விழுங்குவார். அவருக்காக நானும் மெதுவாகச் சாப்பிட்டேன்.

ரசத்துக்கு வரும்போது அவர் போன் திரை மின்னியது. மனைவியின் வீடியோ கால். ஸ்பீக்கரில் போட்டு இலையோரம் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்தார்.

"என்னங்க, எத்தனை தடவை கூப்பிடுறது? மேளம் காதை அடைச்சிருச்சா? போய்ச் சேந்தீகளா இல்லையான்னு ஒரு வெரலைக்கூடக் காட்ட மாட்டீகளா?"

அண்ணாச்சி இலையைக் காட்டினார். அப்பளத்தைத் தூக்கிக் காட்டினார். அப்புறம், மனைவியை ஆச்சரியப்படுத்த நினைத்து, போனை என் பக்கம் திருப்பினார்.

"அண்ணே! நீங்க எப்ப வந்தீக?"

"காலையிலேயே வந்துட்டேம்மா."

"காலையிலேயேவா? இப்பத்தானே வீட்டுல இருக்கேன்னீக?"

"யாரு, நானா?"

"நீங்கதான். இவுக போனை எடுக்கலைன்னு, இவுக குறியிலயே நான் வந்து ரேடியோவுல கேட்டேன். வீட்டுலதான் இருக்கேன், கவலைப்படாதீகம்மா, அண்ணாச்சிக்குப் போனைப் போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்னு வந்துச்சு. அதை நம்பிக்கிட்டு எம்புட்டு நேரமா ரேடியோ முன்னாலயே ஒக்காந்திருக்கேன்!"

பாய் சாதத்தைப் பிசைந்தபடியே திரும்பினார். "என்ன சாரு, ஒரே நேரத்துல ரெண்டு ஊர்ல இருக்கீகளா? அடுத்த எலெக்சனுக்கு நில்லுங்க, ரெண்டு தொகுதியிலயும் போட்டுருவோம்."

பரிமாறுபவர் வந்து "பாயாசம், பாயாசம்" என்று நின்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. இலையில் பாயாசம் விழுந்தது.

"கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறா இருக்கும்மா" என்றேன். அந்த அம்மாவின் முகம் திரையில் அப்படியே நின்றது. பிறகு, "சரி, கடைக்கு ஆளு வருது" என்று வைத்துவிட்டார்.

அண்ணாச்சி வலதுகை எச்சிலாக இருந்ததால் இடதுகையால் போனை எடுத்தார். இடதுகையால் அடிப்பது அவருக்குச் சிரமம். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். பிறகு திரையை என் பக்கம் நீட்டினார்.

"எப்ப இருந்து?"

"இன்னைக்கு மட்டும்தான் அண்ணாச்சி. வெளியே வாரோமேன்னு போட்டுவச்சேன்" என்றேன்.

முந்தின நாள் நான் வரவில்லை என்று சொல்லியிருந்ததை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. காலையில் திடீரென்று கிளம்பியவனுக்கு இதையெல்லாம் செய்துவைக்க நேரம் ஏது? அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இலையை மூடி எழுந்துபோனார். பாய் அவர் போவதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் திருச்சுழியிலிருந்து சிக்னல் வரவில்லை. மறுநாளும் இல்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதற்கெல்லாம் கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. ஒரு வாரம் போனபிறகு என் மனைவி என்ன விஷயம் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு நிரலும் ஏஐயும் தெரியாது. அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்த மனுசனுக்கு வாய்தானே இல்ல? மூளையும் இல்லைன்னு நெனச்சுட்டீகளோ?"

நான் அறைக்குள் இருந்த கணினியைப் பார்த்தேன்.

"இங்க ஒக்காந்து அந்தப் பொட்டியவே பாத்துக்கிட்டு இருந்தா ஆச்சா? பஸ்ஸுல ஏறிப் போங்க. போயி நேர்ல சொல்லுங்க."

போனேன். வழியெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. சீமைக்கருவேல மரங்கள் கழுவிவிட்ட மாதிரி நின்றன. கடை வாசலில் பச்சை பைப் சுருள்கள் குவிந்திருந்தன. கல்லாவில் அந்த அம்மா இருந்தார். எப்போதும் "வாங்கண்ணே, காப்பியா மோரா?" என்று கேட்பவர் அன்று எழுந்திருக்கவில்லை.

"வந்திருக்கது நீங்கதானா?" என்றார்.

"நான்தான்மா."

"எப்படி நம்புறது? கிள்ளிப் பாத்துக்கவா?" சொல்லிவிட்டுப் பின்னறையைக் கையால் காட்டினார்.

அண்ணாச்சி ஒரு ஸ்டார்ட்டர் பெட்டியைக் கழற்றிவைத்து வேலை செய்துகொண்டிருந்தார். ரேடியோ துணி போட்டு மூடியிருந்தது. ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். நான் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். ஆடியிலிருந்து என்றேன். அலுப்பாக இருந்தது என்றேன். நீங்கள் ஒரு வார்த்தை அனுப்புவதற்குள் நான் எழுந்துபோய்விடுவேன் என்றேன். மதுரைக் கூட்டத்தில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன் என்பதையும் சொன்னேன். கல்யாணப் பந்தியில் சொன்னது பொய் என்றேன். சொல்லச் சொல்ல இலேசாகும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அப்படி ஆகவில்லை. அவர் திருப்புளியைக் கீழே வைக்காமல் கேட்டார்.

முடித்ததும் கையைத் துணியில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். அடித்துக் காட்டினார்.

"கட்டி வந்தப்ப சொன்னது? கூட இருக்கேன், மதுரைக்கு வாரேன்னது?"

நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது அவருக்கு முக்கியமாக இருந்தது. ஸ்டூலை இழுத்து முன்னால் வந்து உட்கார்ந்ததில் அது தெரிந்தது. மற்றவை போனால் போகட்டும், அந்த ஒன்றை மட்டும் நான் அடித்திருந்தால் போதும் என்பதுபோல இருந்தார். ஆமாம், அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பார் என்றே நினைக்கிறேன். நம்ப விரும்பினார்.

"நான் இல்ல அண்ணாச்சி" என்றேன். "காலையிலதான் படிச்சேன். படிச்சுட்டும் வரல."

அவர் மறுபடி அடித்தார். நெடுநேரம் அடித்தார். பாதியில் அழித்தார். மறுபடி அடித்தார். கழுத்துத் துணி மூச்சுக்கு ஏறி இறங்கியது. கடைசியில் அதையும் அழித்துவிட்டு ஒரே வரி அடித்து நீட்டினார்.

"கடைக்கு ஆள் வந்திருக்காக."

திரும்பிப் பார்த்தேன். உண்மையிலேயே ஒருவர் வாசலில் நின்றிருந்தார். பைப்பின் அடியில் மாட்டும் பழைய ஃபுட் வால்வு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணாச்சியின் மனைவியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி எழுந்து அவரிடம் போனார். நான் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். போகும்போது அந்த அம்மா, "பாத்துப் போங்க" என்றார். அண்ணே என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நிரலை அழித்தேன். அழிப்பதற்குமுன் அந்த நாலு மாதப் பேச்சை முழுக்க ஒருமுறை படித்தேன். சில பதில்கள் நான் அடித்தவை, சில அது அடித்தவை. பல இடங்களில் எது எதுவென்று எனக்கே தெரியவில்லை. அதில் பெருமைப்பட ஏதும் இல்லை. அது என்னைப் போல எழுதக் கற்றுக்கொண்டது என்று அதுவரை நினைத்திருந்தேன். அவ்வளவு கற்றுக்கொள்ளுமளவுக்கு நான் ஒன்றும் பேசியிருக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அவர்தான் பேசியிருக்கிறார். நான் ம் என்றிருக்கிறேன்.

இந்த முறைகள் இனி எங்கே போகும் என்று இளைஞர்கள் என்னை இன்னமும் கேட்கிறார்கள். சிக்னல் இன்னும் பலவீனமாக இருந்தாலும் பொறுக்கியெடுக்கும், வேகம் கூடும், கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இதெல்லாம் வரும் என்று சொல்கிறேன். என் நிரலைக் கேட்டவர்களுக்கு மறுபடி எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு இங்கே எழுதியதைச் சுருக்கமாகச் சொன்னேன். ஒருவர், "அந்தப் பக்கத்து ஆளுக்குத் தெரியாம இருந்தா யாருக்கு என்ன நஷ்டம் சார்?" என்றார். நஷ்டப்பட்டவரை எனக்குத் தெரியும் என்றேன்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் அண்ணாச்சியின் குறி மறுபடி திரையில் வந்தது. என்னைக் கூப்பிடவில்லை. அசாமில் தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கூப்பிட்டார். அண்ணாச்சியின் ஏரியல் தாழ்வாக இருப்பதால் அவ்வளவு தூரம் சரியாக எட்டவில்லை. கூப்பிடுவதும் பதில் வராமல் போவதுமாக நாலைந்து நாள் நடந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், குறுக்கே போகவில்லை.

பிறகு ஒருநாள் அவருடைய செய்தி என் குறியை முன்னால் போட்டுக்கொண்டு வந்தது. ஜேஎஸ் எட்டில் அப்படி ஒரு வசதி உண்டு. தூரத்தில் இருப்பவரை எட்ட முடியாதபோது, நடுவில் இருக்கிற நிலையத்தின் குறியைப் போட்டு அனுப்பினால், அந்த நிலையம் செய்தியை வாங்கி அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடும். அங்கே ஆள் இருக்க வேண்டியதில்லை. கணினியே செய்யும், அப்படித்தான் செய்யவேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். என் ஏரியல் உயரம். என் வழியாகப் போனால் அசாம் எட்டும்.

அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவருடைய பேச்சு என் வழியாகப் போகிறது. ஆங்கிலத்தில் அந்த ஆளிடம் மழை பற்றிச் சொல்கிறார், போர்வெல் ஆழம் பற்றிச் சொல்கிறார். ஆபரேஷன் பற்றியும் சொன்னார். குரலைப் பற்றி அந்த ஆள் கேட்டதற்கு, "விற்றுவிட்டேன், நல்ல விலை கிடைத்தது" என்று அடித்திருந்தார். அந்த ஆள் சிரித்து ஒரு வரி அனுப்பினார். அதையும் என் ரேடியோதான் திருச்சுழிக்குத் தள்ளியது. என்னிடம் அவர் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. இதை அவர் மன்னிப்பாக வைத்திருக்கிறாரா, தண்டனையாக வைத்திருக்கிறாரா, வெறும் வசதிக்காகவா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

சாயங்காலமானால் மேசைக்கு வந்துவிடுகிறேன். மகள் கூப்பிடும் நேரத்தை மாற்றிக்கொண்டாள். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடைக்கு வந்த ஆள் ஒருவரைப் பற்றி அவர் சொல்ல ஆரம்பிப்பார். ஒரு வார்த்தை வரும். அடுத்தது வரும்வரை காத்திருக்கிறேன்.